கலத்தின் அடியில் உள்ள பெயர்



அமெரிக்க நாட்டில் பழைய மட்கலங்களைத் தேடிச் சேர்ப்பவர் ஒருவர் பூச்சாடி ஒன்றைக் கையில் எடுத்தால், முதலில் அதன் அழகை வியப்பதில்லை. தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கிறார். காண்போர்க்கு இது விந்தையாகத் தோன்றும். ஓவியம் இருப்பது விலாப்புறத்தில். நிறம் இருப்பது மேற்பரப்பில். அடியிலோ பெரும்பாலும் சில முத்திரைகளும் கீறல்களுமே உள்ளன. எனினும் அந்தக் கீறல்களைப் படிக்கத் தெரியாதவர் கலங்களை வாங்கிக் குவிக்கலாமே ஒழியச் சேகரிப்பாளர் ஆக முடியாது என்பது அத்துறையினரின் துணிபு. அந்தத் துணிபில் நியாயம் உண்டு. மேலே தெரிவது கலத்தின் அழகு. அடியில் இருப்பது அதைச் செய்தவரின் பெயர்.

அங்கு 'ஆர்ட் பாட்டரி' என்று வழங்கும் கலை மட்பாண்டத்தின் வரலாறு பெண்களிடமிருந்து தொடங்குகிறது. 1876ஆம் ஆண்டு, விடுதலையின் நூற்றாண்டைக் கொண்டாடும் முகத்தான் பிலடெல்பியா நகரில் மாபெரும் பொருட்காட்சி நடைபெற்றது. ஜப்பானிலிருந்து வந்த மட்கலங்களும், பிரான்சின் ஹாவிலாந்து நிறுவனத்தார் மெருகுப் பூச்சின் அடியில் வண்ணம் தீட்டி அனுப்பிய சாடிகளும் அங்கே பார்வைக்கு வைக்கப்பட்டன. அவற்றைக் கண்ட சின்சினாட்டி நகரத்துப் பெண்கள் இருவரின் உள்ளத்தில் ஒரே வேட்கை மூண்டது. மேரி லூயிஸ் மெக்லாலின் பிரெஞ்சு முறையை ஒத்த நுட்பம் ஒன்றைத் தம் சொந்த முயற்சியால் கண்டறிந்தார். செல்வக் குடியில் பிறந்த மரியா லாங்வொர்த் நிக்கல்ஸ், தந்தையின் பொருளுதவியோடு 1880இல் பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் சூளையே அமைத்துவிட்டார். ரூக்வுட் மட்கலச் சாலை பிறந்தது இவ்வாறுதான். இருவரிடையே நட்பைவிடப் போட்டியே மிகுந்திருந்தது. கலை வளர அது தடையாகவும் இல்லை. 1889ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் ரூக்வுட் கலங்கள் தங்கப் பதக்கம் பெற்றன. கொள்ளத் தெரிந்த நாடு என்று மட்டும் அமெரிக்காவை எண்ணியிருந்த ஐரோப்பியர்க்கு அது செய்யவும் தெரிந்த நாடு என்பது அன்று விளங்கிற்று.

ரூக்வுட் கலத்தின் அடிப்பாகம் ஒரு சிறு ஏடு போன்றது. 1886இல் 'ஆர்' என்னும் எழுத்தைத் திருப்பிப் போட்டு 'பி' என்பதோடு பிணைத்த முத்திரை ஒன்று வழக்கிற்கு வந்தது. அடுத்த ஆண்டு அதன் தலைமேல் ஒரு தீச்சுடர் ஏறியது. பிறகு ஆண்டுக்கு ஒரு சுடராகச் சேர்ந்து, 1900இல் பதினான்கு சுடர்கள் அம்முத்திரையைச் சூழ்ந்து நின்றன. இனிச் சுடருக்கு இடமில்லை என்றான பின்னர், 1901 முதல் முத்திரையின் கீழே ரோமானிய எண்களால் ஆண்டைக் குறித்தனர். ஆகவே சுடர்களை எண்ணத் தெரிந்த ஒரு சிறுவனும் கலம் பிறந்த ஆண்டைச் சொல்லிவிடலாம். முத்திரையோடு வடிவத்திற்கு ஓர் எண்ணும், அளவுக்கு ஓர் எழுத்தும் உண்டு. சூளையில் சிறு குறை நேர்ந்த கலமாயின் அடியில் பெருக்கல் குறி ஒன்றைச் சக்கரத்தால் அறுத்து, இரண்டாந்தரம் என்று அறிவித்துவிடுவர். தம் குறையைத் தாமே பொறித்து விற்ற வணிகம் அது.

இவை யாவற்றினும் மேலானது, ஓவியம் தீட்டியவரின் பெயரெழுத்துகள் அடியில் கீறப்பட்டிருப்பதாகும். தொழிற்சாலைப் பொருளில் தொழிலாளியின் பெயர் நிற்பது அரிது. துணி நெய்தவர் பெயரையோ நாற்காலி இழைத்தவர் பெயரையோ அக்காலத்து வாங்குவோர் அறிந்ததில்லை. ரூக்வுட் சாலையில் கூலிக்குத் தூரிகை பிடித்தவர்களோ ஒவ்வொரு கலத்திலும் தம் அடையாளத்தை இட்டனர். அவர்களுள் பெண்கள் பலர். 1887இல் அங்கு வந்து சேர்ந்த கட்டாரோ ஷிராயாமடானி என்னும் ஜப்பானியக் கலைஞர், தம் பெயரைத் தாய்மொழி எழுத்திலேயே மேலிருந்து கீழாகக் கீறினார். இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1948இல் மறையும் வரை அவர் பணிபுரிந்தது அச்சாலையில்தான். ஒஹாயோ மாநிலத்துக் களிமண்ணில் ஜப்பானிய எழுத்து! இன்று அந்த எழுத்துள்ள கலத்திற்குப் பெருவிலை கொடுப்போர் உள்ளனர்.

தெற்கே நியூ ஆர்லியன்ஸ் நகரில் நியூகம்ப் மகளிர் கல்லூரியார் 1890களின் நடுவில் ஒரு மட்கலச் சாலையை நிறுவினர். படித்த பெண்களுக்கு மானத்தோடு பொருளீட்டும் வழி ஒன்று வேண்டும் என்பதே அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்ததாயினும் ஒரு முரண் அதில் இருந்தது. சக்கரத்தில் மண்ணை ஏற்றி வனைவது ஆடவர்க்கே உரிய கடுந்தொழில் என்று கருதி, அதற்கென ஜோசப் மேயர் போன்ற குயவர்களை அமர்த்தினர். பெண்கள் வடிவத்தின்மேல் ஓவியம் செதுக்கி வண்ணம் தீட்டினர். மண்ணைத் தொட்டு உருவாக்கும் உரிமையைக் கொடாமல் கலையுரிமை மட்டும் கொடுத்த ஏற்பாடு அது. ஆயினும் அடிப்பாகத்தில் இருவர் பெயர்க்குறியும் அருகருகே இடம்பெற்றன. அந்த நேர்மையை மெச்சத்தான் வேண்டும்.

நியூகம்பின் புகழ்பெற்ற காட்சி, பாசி தொங்கும் ஓக் மரங்களினூடே எழும் முழுநிலவு. நீலமும் பசுமையும் கலந்த மங்கலொளியில் லூசியானா மாநிலத்துச் சதுப்பு நிலம் முழுவதும் ஒரு சாண் உயரச் சாடியில் அடங்கிவிடுகிறது. இக்காட்சியைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் சேடி இர்வின் என்னும் ஓவியர். வாங்குவோர் நிலவும் மரமுமே வேண்டும் என்று மீண்டும் மீண்டும் கேட்டமையால், அந்த ஓவியத்தைத் தொடங்கியதற்கே அவர் பிற்காலத்தில் வருந்தினார். அழகிய பொருளை விரும்புவோர் அதைச் செய்தவரைச் சிறையிடவும் கூடும் என்பதைச் சேகரிப்போர் எண்ணிப் பார்ப்பது நன்று.

பாஸ்டனில் கதை வேறு. இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் குடிபெயர்ந்து வந்த ஏழைக் குடும்பங்களின் பெண்கள், நூலகம் ஒன்றில் சனிக்கிழமை மாலைதோறும் கூடி நூல் வாசித்து வந்தனர். அந்த வாசக வட்டத்திலிருந்து ஒரு மட்கலச் சாலை முளைத்தது. கோழிக்குஞ்சும் முயலும் வாத்தும் வரிசையாக நடக்கும் குழந்தைகளுக்கான கிண்ணங்களை அவர்கள் தீட்டினர். வேலை நடக்கையில் ஒருவர் உரக்க நூல் படிக்க, ஏனையோர் கேட்டுக்கொண்டே தூரிகை ஓட்டினர் என்று அறிகிறோம். 'சனிக்கிழமை மாலைப் பெண்கள்' என்பதன் முதலெழுத்துகளான எஸ்.இ.ஜி. என்பதையும், தீட்டியவள் பெயரெழுத்தையும், நாளையும் அடியில் காணலாம். இலக்கிய வட்டம் ஒன்று பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், வாசக வட்டம் ஒன்று சூளையாக மாறிய இச்செய்தி அவையோர்க்கு உவப்பளிக்கும்.

இத்தகைய சிறு சாலைகளுக்கு நடுவே, ஒஹாயோவின் சேன்ஸ்வில் நகரில் வெல்லர், ரோஸ்வில் போன்ற பெரிய ஆலைகள் எழுந்தன. முதலில் ரூக்வுட்டின் பழுப்பு மெருகைப் பின்பற்றிக் கையால் தீட்டினர். பின்னர் அச்சில் வார்த்த கலங்களுக்கு மாறினர். தேவதாரு காயும் மாக்னோலியா மலரும் புடைத்து நிற்கும் ரோஸ்வில் சாடிகள் நடுத்தர இல்லங்களில் புகுந்தன. அச்சில் வார்த்தவை என்பதால் அவற்றை இகழ்வோர் உளர். கொடுக்க இயன்ற விலைக்கு வீட்டில் ஓர் அழகுப் பொருளைக் கொணர்ந்த அச்சை இகழ்வது முறையன்று.

பின்னர் காலம் மாறிற்று. 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியும், மலிவான இறக்குமதிகளும், நெகிழிப் பொருள்களும் இத்தொழிலை நலித்தன. 1941இல் ரூக்வுட் திவாலாயிற்று. கைமாறிக் கைமாறி 1967 வரை உயிரை இழுத்துக்கொண்டிருந்தது. 1948இல் வெல்லரும், 1954இல் ரோஸ்வில்லும் மூடப்பட்டன. பாட்டியின் சாடிகள் பரணுக்கு ஏறின; சில குடை செருகும் தாழியாயின; சிலவற்றின் அடியைத் துளைத்து மின்கம்பி நுழைத்து மேசைவிளக்காக்கினர். துளை விழுந்த இடத்தில் இருந்த பெயர் போயிற்று. முன்சொன்ன கவிழ்த்துப் பார்க்கும் பழக்கத்தின் அருமை இங்கே புலப்படும்.

மறதியிலிருந்து மீண்டவருள் ஜார்ஜ் ஓர் என்பாரின் வரலாறு தனித்தது. 1857இல் மிசிசிப்பி மாநிலத்துப் பிலாக்சி நகரில் பிறந்த இவர், பின்னர் நியூகம்பில் வனைந்த அதே ஜோசப் மேயரிடம் தொழில் பயின்றவர். முகம் மறைக்கும் மீசையும், சந்தைகளில் தம்மைத் தாமே உலகின் தலைசிறந்த குயவன் என்று பறைசாற்றும் வாயும் கொண்ட இவரை ஊரார் 'பித்தன்' என்றே வழங்கினர். இவர் வனைந்த சுவர்கள் முட்டையோடு போல் மெல்லியவை. அவ்வாறு வனைந்ததைச் சுருக்கி, முறுக்கி, மடித்து, நசுக்கிச் சூளையிட்டார்; ஒன்று போல் மற்றொன்று செய்யார். 1894இல் தீ விபத்து ஒன்று இவர் பட்டறையை அழித்தது. எரிந்து கருகிய கலங்களையும் எறியாமல் தம் பிள்ளைகள் எனப் பேணினார். மதிப்பறிந்து வாங்குவோர் வரும் வரை காத்திருப்பது என்று ஆயிரக்கணக்கான கலங்களைக் கட்டி வைத்துவிட்டு, 1918இல் மறைந்தார். பிள்ளைகள் அவ்விடத்தில் மோட்டார் பழுதுபார்க்கும் கடை நடத்தினர். அரை நூற்றாண்டிற்கு மேல் அக்கலங்கள் புழுதியில் கிடந்தன. நியூ ஜெர்சியைச் சேர்ந்த பழம்பொருள் வணிகரான ஜேம்ஸ் கார்ப்பெண்டர் அவற்றைக் கண்டு, 1970களின் தொடக்கத்தில் மொத்தமாக வாங்கிச் சென்ற பிறகே உலகம் அவற்றைப் பார்த்தது. ஜாஸ்பர் ஜான்ஸ் என்னும் பெரும் ஓவியர் ஓரின் கலங்களைத் தம் ஓவியங்களில் இடம்பெறச் செய்தார். இன்று பிலாக்சியில் அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகம் நிற்கிறது.

1972இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகம் அமெரிக்கக் கைவினை இயக்கத்தைப் பற்றிய கண்காட்சி ஒன்றை நடத்தியதும் ஒரு திருப்பம். அதன் பின்னர் சந்தைகளிலும் வீட்டு விற்பனைகளிலும் சில டாலர்களுக்குக் கிடைத்தவை ஏலக் கூடங்களுக்கு ஏறின. விலை ஏற, போலியும் பிறந்தது. 1990களில் ரோஸ்வில் சாடிகளைப் பார்த்து வார்த்த சீனப் போலிகள் அமெரிக்கச் சந்தையில் பெருகின. முத்திரையையும் அப்படியே பெயர்த்திருந்தனர்; ஆனால் மூலத்தில் பெயரின்கீழ் இருந்த யு.எஸ்.ஏ. என்னும் எழுத்துகள் பல போலிகளில் இல்லை. ஓரின் கலங்களுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை: பிற்காலத்தில் அவர் வேண்டுமென்றே மெருகிடாமல் விட்டவற்றிற்கு எவரோ மெருகேற்றி விற்றனர். கையொப்பம் உண்மை, களிமண் உண்மை, நிறம் மட்டும் பொய். அடியை மட்டும் படிப்பவர் ஏமாறுவது இங்கேதான். பெயரைப் படித்த கண் மீண்டும் மேலே வந்து வடிவத்தையும் பூச்சையும் வினவ வேண்டும்.

வீட்டில் வைத்துப் போற்றுவோர் அறிய வேண்டியவை சில. பழைய மெருகில் சிலந்திவலை போல் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். குளிரும்போது மெருகு மண்ணைவிட மிகுதியாகச் சுருங்குவதால் அவை தோன்றுகின்றன. அது முதுமை, நோயன்று. ஆனால் அத்தகைய சாடியில் தண்ணீர் ஊற்றிப் பூ வைத்தால் நீர் வெடிப்பு வழியே மண்ணில் இறங்கிக் கறை படியும். வாய் விளிம்பை விரலால் தடவினால் கண்ணுக்குத் தெரியாத சில்லும் கைக்குத் தெரியும். மெல்லச் சுண்டினால் முழுக்கலம் பெரும்பாலும் ஒலிக்கும். கீறல் விழுந்தது மந்தமாக முனகும். பின்னாளில் ஒட்டிப் பூசிய இடம் புறஊதா ஒளியில் வேறு நிறமாக வெளிப்பட்டுவிடும். பாஸ்டனின் குரூபி கலங்கள் தர்ப்பூசணித் தோல் போன்ற ஒளிராப் பசுமை கொண்டவை; பக்கவாட்டில் விழும் மெல்லொளியே அவற்றின் இலை மடிப்புகளைக் காட்டும். ரூக்வுட்டின் பழுப்பு மெருகோ இருட்டு மூலையில் வெறும் கருமையாகத் தோன்றி, விளக்கு ஒன்றைக் கண்டதும் உள்ளிருந்து தேன் போல் ஒளிர்கிறது. நிலநடுக்கம் வரும் கலிபோர்னியாவில் அடியில் சிறிது மெழுகு வைத்து அலமாரியோடு பிடிக்கச் செய்வர். அதையும் முத்திரையின்மேல் படாமலே வைப்பர். ஆலை ஒட்டிய பழைய காகிதச் சீட்டு எஞ்சியிருந்தால், அழுக்கென்று எண்ணிக் கழுவிவிடலாகாது.

டெக்சஸில் பிறந்த ஓவியர் ராபர்ட் எலிசன் தம் நியூயார்க் இல்லத்தில் பல்லாண்டு சேர்த்த முந்நூறுக்கு மேற்பட்ட அமெரிக்கக் கலங்களை 2009இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். எல்லாச் சேகரிப்புக்கும் அந்தப் பேறு வாய்ப்பதில்லை. பெரும்பாலானவை உரியவர் மறைந்தபின் பிள்ளைகளால் பிரிக்கப்பட்டு மீண்டும் சந்தைக்கே செல்கின்றன. அதனால்தான் அனுபவம் உடைய சேகரிப்பாளர் ஒவ்வொரு சாடியின் உள்ளேயும் ஒரு சிறு சீட்டை எழுதிப் போட்டு வைப்பர்: வாங்கிய ஊர், வாங்கிய ஆண்டு, முன்பு வைத்திருந்தவர், அடியில் உள்ள பெயரெழுத்துகள் யாருடையவை என்று அறிந்த அளவு.