மாரிகாலத்துப் பூந்தோட்டம்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



“பாடசாலைப் பூந்தோட்டத்தை மார்கழியில் படமெடுத்து அனுப்புங்கோ” என்று கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் தோழிகள் கேட்டார்கள். முதலில் பழைய படங்களைத் தேடினோம். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது ஆல்பத்தை யார் தூக்கினோம்? பிள்ளைகளையும் அரிசியையும் அல்லவா தூக்கினோம். ஆகவே புதிதாக எடுக்கப் புறப்பட்டோம்.

மழை விடவில்லை. காலெல்லாம் செம்மண் சேறு. ஆனால் மூட்டமான வானத்தின் கீழே செவ்வரத்தையின் சிவப்பு அப்படியே படத்தில் விழுந்தது. வெயிலில் அது வெளிறிவிடும். பிறகு பனி தொடங்கியது. உங்கள் ஊரில் கொட்டும் பனியல்ல, இலைநுனியில் நிற்கும் பனி. சூரியன் எழ ஆறரையாகும். அந்தச் சாய்வெயில் துளிக்குப் பின்னால் வரும்படி, செவ்வந்திப் பாத்தியருகே குந்தியிருந்து எடுத்தோம். எட்டு மணிக்குத் துளி இல்லை. முழங்கால் நோ மட்டும் இன்னும் இருக்கிறது.

கிணற்றடி நந்தியாவட்டை ஒன்றுதான் எங்கள் காலத்தது. அதனடியில் எடுத்த 1978ஆம் ஆண்டு வகுப்புப் படம், அப்போதே தபாலில் வெளிநாடு போயிருந்தால், தப்பியிருக்கும். வைத்திருப்பவர் ஒரு பிரதி அனுப்புங்கோ. தை பிறந்ததும் அதே வரிசையில், அவரவர் இடத்தில் நிற்கப்போகிறோம். இருபத்துநான்கு பேரில் பதினொருவர் இங்கே இருக்கிறோம்.