சட்டமும் சம்யமமும்

(தசலக்ஷண பர்வத்தின் ஆறாம் நாளாகிய உத்தம சம்யம நாளில் ஆற்றிய உரை)

 

சென்ற தை மாதத்தில் சவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூருக்குச் சென்றிருந்தேன். அங்கு விளைந்த சாமை, மூட்டை மூட்டையாகச் சமவெளிக்கு ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தது. எதிரிலிருந்த பெட்டிக்கடையில் வறுவல் பொட்டலங்கள் சரஞ்சரமாகத் தொங்கின. பள்ளி விட்டு வந்த சிறுவர்கள் அக்கடையை மொய்த்து நின்றனர். சாமை மலையிறங்குகிறது; பொட்டலம் மலையேறுகிறது.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு மகளிருள் மிகை எடையுடையோர் 2015-16இல் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர். 2019-21இல் 40 விழுக்காட்டினர். அரசுகள் வாளாவிருக்கவில்லை. 2016ஆம் ஆண்டில் கேரள அரசு, பெயர்பெற்ற உணவகங்களில் விற்கும் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 விழுக்காடு வரி விதித்தது. மறு ஆண்டு சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அது மறைந்தது. அவ்வரி உணவகத்தின் பெயர்ப்பலகையை நோக்கியதேயன்றி, தெருமுனை வாணலியை நோக்கவில்லை. 2020இல் மைய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு விதி வகுத்தது. கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் மாணவர்க்கு விற்றலாகாது என்பது அவ்விதி.

"நம் இலையில் அரசு கையிடலாமா?" எனச் சிலர் வினவுவர். குழந்தை விரதம் ஏற்கும் பக்குவம் உடையதன்று. அதற்கு வேலி வேண்டும். ஆதலின் அச்சட்டத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் ஐம்பத்தோராவது மீட்டரில் காவல் நிற்பவர் யார்? பெற்றோராகிய நாமே.

கொழுப்பு, சர்க்கரை, உப்பு எனச் சட்டம் இன்று எண்ணுவதை நம் ஆகமம் என்றோ எண்ணிவிட்டது. அறுவகைப் புறத்தவங்களுள் ஒன்றாகிய ரசபரித்யாகம், பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு ஆகியவற்றை இயன்றவாறு துறத்தலே. வயிறு நிறையுமுன் கையை எடுப்பது அவமௌதரியம். புலால் உண்ணாமையால் இவ்வெச்சரிக்கை நமக்கன்று என்று எண்ணிவிடலாகாது. இரவுணவைத் துறந்த நாம், பொழுது சாய்வதற்குள் இரட்டிப்பாக உண்டால் அது சம்யமம் ஆகுமா? மருத்துவர் என் எடையைச் சுட்டிக்காட்டிய பின்னரே இவ்வினாவை என்னிடம் நான் கேட்டேன்.

நம் அறக்கட்டளைக்கு ஒரு விண்ணப்பம். வரும் விழா விருந்தில் மூன்று இனிப்புகளுக்கு ஈடாக ஒன்று போதும். அரிசிச் சோற்றுடன் சவ்வாது மலைச் சாமைச் சோறும் இடம்பெறட்டும். பேரப்பிள்ளைகள் முதலில் பெரியோர் இலையைத்தான் பார்க்கிறார்கள்; விதிகளைப் பின்னரே படிக்கிறார்கள்.

வாழ்க அறம்! வளர்க சம்யமம்!