சிட்டுக்குருவிக் கூடும் நம் அரிசிப் பையும்

(நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





வழக்கமாக இந்த நேரத்தில் நான் வரவு செலவு வாசிப்பேன். இந்த மாதக் கணக்கை அச்சிட்டு உங்கள் கையில் கொடுத்திருக்கிறோம். வீட்டில் போய் நிதானமாகப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள். இன்று ஒரு சிட்டுக்குருவியைப் பற்றிப் பேசப் போகிறேன். நான் செய்த ஒரு தவறையும், அதனால் நிர்வாகக் குழு எடுத்த ஒரு முடிவையும் அதோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது மாகறலில் ஓட்டு வீடுகள்தான் அதிகம். ஓட்டுக்கும் கைமரத்துக்கும் நடுவில் குருவி கூடு கட்டும். தறி போட்ட வீட்டில் நாள் முழுக்கக் கட்டை அடிக்கும் சத்தம் கேட்டாலும் அது பயப்படாது. அம்மா அரிசி புடைக்கும்போது நொய்யைப் பொறுக்க முறத்துக்கு அருகிலேயே வந்துவிடும். இன்று நம் வீடுகள் தளம் போட்டவை. ஒரு விரல் நுழைய இடமில்லை. அரிசி பையில் வருகிறது, புடைப்பதில்லை. வயலில் மருந்து அடிக்கிறோம், புழு சாகிறது. பெரிய குருவி தானியம் தின்னும். ஆனால் குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவும் பூச்சியும்தான் ஆகாரம். செல்போன் கோபுரத்தால்தான் குருவி அழிந்தது என்று பலர் சொல்கிறார்கள். அதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. 2020-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவி பெரிதாகக் குறையவில்லை, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று சொல்கிறது. ஆக, நம்மைப் போன்ற ஊர்களில் இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

மார்ச் 20-ஆம் தேதியை உலக சிட்டுக்குருவி தினமாக 2010 முதல் கடைப்பிடிக்கிறார்கள். அதைத் தொடங்கி வைத்தவர் நாசிக்கைச் சேர்ந்த முகமது திலாவர். அவரும் அவருடைய அமைப்பினரும் மரப்பெட்டிக் கூடுகளை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் தை மாதம் நம் அலுவலகத் தாழ்வாரத்தில் ஒரு பெட்டி மாட்டினோம். தச்சர் மிச்சப் பலகையில் செய்து தந்தார். பத்து நாளில் ஒரு ஜோடி வந்தது. கழுத்தில் கறுப்பு உள்ளது ஆண். வெளிறிய பழுப்பு நிறம் பெண். இரண்டும் வைக்கோலும் புல்லும் சுமந்தன.

இப்போது என் தவறைச் சொல்கிறேன். நம் இதழில் போட ஒரு நல்ல படம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நாற்காலி மேல் ஏறி மூடியைத் திறந்து, கைப்பேசியை உள்ளே நீட்டிப் படம் எடுத்தேன். நான்கு முட்டைகள். சந்தோஷத்தில் வந்தவர் போனவருக்கெல்லாம் திறந்து காட்டினேன். ஒரே நாளில் ஐந்தாறு முறை இருக்கும். மறுநாள் பெண் குருவி எதிர் மதில் மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது, உள்ளே போகவில்லை. மூன்றாம் நாள் வரவே இல்லை. முட்டைகள் குளிர்ந்து கிடந்தன. மனிதன் தொட்ட வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று நாம் சொல்வது சரியல்ல. அடைகாக்கத் தொடங்கிய நாட்களில் திரும்பத் திரும்ப தொந்தரவு செய்தால், இது பாதுகாப்பான இடமில்லை என்று அது விட்டுப் போய்விடும். படம் மட்டும் என்னிடம் இருந்தது. அதை இதழில் போட மனம் வரவில்லை.

அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிப்பது. ஒரு பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப் பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, இதன் குஞ்சுகளை எடுத்து இதை வேதனைப்படுத்தியது யார் என்று கேட்டு, திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். மதரஸாவில் இந்த ஹதீஸை நான் ஓதியவன். பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தவன். நாற்காலி மேல் ஏறும்போது அது நினைவுக்கு வரவில்லை.

பெட்டியைச் சுத்தம் செய்து அதே இடத்தில் மாட்டினேன். பங்குனியில் ஒரு ஜோடி வந்தது. அதே ஜோடியா என்று எனக்குத் தெரியாது. இந்த முறை என் மேசையை விட்டு எழவில்லை. திறக்காமலேயே எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்று அப்போதுதான் புரிந்தது.

வாயில் புல் இருந்தால் கூடு கட்டுகிறது. பெண் உள்ளே போய் வெகுநேரம் வராமல், வந்தாலும் சற்று நேரத்தில் திரும்பினால் அடைகாக்கிறது. பன்னிரண்டு நாள் போல அப்படி இருந்தது. பிறகு ஒரு காலை, ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், ஆண் குருவியின் அலகில் பச்சைப் புழு. குஞ்சு பொரித்துவிட்டது! அன்று முதல் இரண்டும் மாறி மாறி ஊட்டின. ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை என்று எண்ண முயன்றேன். நடுவில் யாராவது வந்துவிடுவார்கள், கணக்குத் தப்பிவிடும். வெளியே வரும்போது அலகில் வெள்ளையாக எதையோ கொண்டுபோகும். அது குஞ்சின் எச்சம். கூட்டை அப்படித்தான் சுத்தமாக வைத்துக்கொள்கிறது. இரண்டாம் வாரத்தில் ஓட்டை வழியே மஞ்சள் விளிம்புள்ள வாய்கள் எட்டிப் பார்த்தன.

பதினைந்தாம் நாள் மூன்று குஞ்சுகள் வெளியே வந்து மதிலில் உட்கார்ந்தன. உள்ளே இன்னொன்றின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தாய் இரையோடு வந்து ஓட்டையில் நின்று அழைத்தது, அது வரவில்லை. மறுநாள் லுஹர் வரையும் அப்படியே. ஓட்டையிலிருந்து ஒரு நூல் தொங்குவதைக் கவனித்தேன்.

திறக்கவே கூடாது என்று முடிவு செய்திருந்தவன் நான். ஆனாலும் அன்று திறந்தேன். கூட்டில் வைத்திருந்த கழிவுப் பட்டு நூல் குஞ்சின் காலில் இரண்டு மூன்று சுற்று இறுகியிருந்தது. பக்கத்து வீட்டில் தறி நெய்யும் ஐயா சின்னக் கத்திரியோடு வந்து, நூலை மட்டும் நறுக்கினார். நெசவு செய்த விரல்கள்; குஞ்சின் தோலில் கத்திரி படவில்லை. ஒரு நிமிடத்தில் மூடிவிட்டு விலகினோம். படம் எடுக்கவில்லை. தாய் உடனே வந்தது. மறுநாள் காலை அந்தக் குஞ்சும் வெளியே வந்தது. ஒரு காலைச் சற்றுத் தாங்கித்தான் நின்றது. ஆனால் பறந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

மாசியிலும் திறந்தேன், பங்குனியிலும் திறந்தேன். முதல் தடவை எனக்காக. இரண்டாம் தடவை குஞ்சுக்காக. இதை யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் ரமலான் உதவிப் படங்கள் உள்ள நம் பழைய இதழ்களைப் புரட்டினேன். ஒவ்வொரு படத்திலும் ஒரு தாய் அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு பக்கமும் நாங்கள் நிற்கிறோம். பாதிப் பேர் முந்தானையால் முகத்தை மறைத்திருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில்தான் படிக்கிறார்கள். இதழ் அந்த வகுப்புக்கும் போகிறது. ஒரு சகோதரி அடுத்த ஆண்டு பை வாங்க வரவே இல்லை. வசதி வந்துவிட்டது என்று நினைத்து நாங்களும் விட்டுவிட்டோம். பிறகு விசாரித்தபோது வசதி எதுவும் வரவில்லை என்று தெரிந்தது.

தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே, மறைவாக ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிட நல்லது என்று அல்பகரா அத்தியாயம் சொல்கிறது. தன்மானத்தால் கேட்காமல் இருப்பவர்களை, அறியாதவர் வசதியானவர் என்று எண்ணிவிடுவார் என்றும், அடையாளத்தைக் கொண்டுதான் அவர்களை அறிய முடியும் என்றும் அதே அத்தியாயத்தில் வருகிறது. குருவி விஷயத்தில் அடையாளம் பார்க்கக் கற்றோம். வீடுகள் விஷயத்திலும் கற்க வேண்டும். பள்ளிக்கு வராத பிள்ளை, அடகுக்குப் போன தையல் மெஷின், தெருக் கடையில் ஏறிக்கொண்டே போகும் கடன் கணக்கு. இதற்குக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் இருக்கும் நாம் கவனித்தாலே போதும்.

எனவே, நிர்வாகக் குழு ஒருமனதாக முடிவு செய்தது: இனி உதவி பெறுபவர் படம் எடுப்பதில்லை. பை வீட்டுக்கே போகும், மக்ரிபுக்குப் பிறகு. பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்கு வேண்டும், அது நியாயம். கையெழுத்துப் பதிவேடு இருக்கும், தணிக்கையாளர் பார்ப்பார், எத்தனை குடும்பம், எவ்வளவு தொகை என்று இதழில் வரும். பெயரும் முகமும் வராது.

கஷ்டம்தான், ஆனால் முடியாததல்ல. சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020-ல் தெருவிளக்கு ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டது. குஞ்சுகள் பறக்கும் வரை அந்த ஊர் மக்கள் ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கே போடாமல் இருட்டில் நடந்தார்கள். ஒரு சிறு பறவைக்காக ஒரு ஊர் இருட்டைப் பொறுத்தது. நாம் ஒரு புகைப்படத்தை விட்டுக்கொடுக்கக் கூடாதா?

கடைசியாகப் பிள்ளைகளுக்கு. பெட்டி வேண்டும் என்பவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். ஓட்டை ஒன்றேகால் அங்குலம் போதும். பெரிதானால் மற்றப் பறவைகள் நுழையும். எட்டு, பத்து அடி உயரத்தில், வெயிலும் மழையும் நேராக அடிக்காத இடத்தில் மாட்டுங்கள். மின்விசிறி பக்கம் வேண்டாம். முன்னால் குச்சி வைக்காதீர்கள். அது காக்கைக்குத்தான் உதவும். ஒரு மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். குஞ்சுகள் போன பிறகு பழைய கூட்டை அகற்றிச் சுத்தம் செய்யுங்கள். தறி உள்ள வீடுகளில் அறுந்த நூலைத் தெருவில் போடாமல் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். குருவி வந்த பிறகு தள்ளி நின்று பாருங்கள்.

இந்த உரையோடு இதழில் படம் எதுவும் வராது. முட்டைப் படத்தை அழித்துவிட்டேன். குருவியைப் பார்க்க விரும்புபவர்கள் காலை ஏழு மணிக்கு அலுவலகத்துக்கு வாருங்கள். இன்னொரு ஜோடி புல் சுமக்கத் தொடங்கியிருக்கிறது. என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார இடமிருக்கிறது.

அல்லாஹ் நம் பிழைகளை மன்னித்து, நம் பணிகளை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.