டோனி விருதும் ஒரு வாடகை வீடும்



நியூயார்க் பிராட்வே நாடகங்களுக்கு ஆண்டுதோறும் தரப்படும் டோனி விருது பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1960ஆம் ஆண்டு விழாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

லொரெய்ன் ஹான்ஸ்பெரி எழுதிய ‘எ ரெய்சின் இன் த சன்’, பிராட்வேயில் மேடையேறிய ஒரு கறுப்பினப் பெண்ணின் முதல் நாடகம். நான்கு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

வெள்ளையர் குடியிருப்பில் வீடு வாங்கும் கறுப்பினக் குடும்பத்தின் கதை அது. அந்தப் பகுதியிலிருந்து ஒருவர் வருகிறார். வராமல் இருந்தால் பணம் தருகிறோம் என்கிறார். ரொம்ப மரியாதையாகத்தான் பேசுவார். படிக்கும்போது, என் ஊர், தெரு எல்லாம் விசாரித்துவிட்டு, “இப்பத்தான் வேற ஆளுக்குப் பேசி முடிச்சோம் தம்பி” என்று சிரித்த வீட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். ஹான்ஸ்பெரியின் அப்பாவும் சிகாகோவில் வாங்கிய வீட்டுக்காக உச்ச நீதிமன்றம் வரை போனவர்.

அன்று வென்ற நாடகம் மோசமானது என்று சொல்லவில்லை. ஆனால் டோனிக்குப் போட்டியிடவே பிராட்வேயின் பெரிய அரங்கில் ஏற வேண்டும். இந்த நாடகத்துக்குப் பணம் திரட்டத் தயாரிப்பாளர் ஓராண்டுக்கு மேல் அலைந்தார். தேர்வு அங்கேயே தொடங்கிவிடுகிறது, தோழர்களே. நடுவர்கள் பிறகுதான் வருகிறார்கள்.

2014இல் மீண்டும் மேடையேறியபோது, சிறந்த மறுமேடையேற்றத்துக்கான டோனி இதே நாடகத்துக்குக் கிடைத்தது. ஹான்ஸ்பெரி 1965இலேயே இறந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 34.