ஒஹியா வழியே ஒரு சுற்றுலா

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் வைத்தியரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பு ஹோர்ட்டன் சமவெளிக்குச் சுற்றுலா போன நாள் பலருக்கும் நினைவிருக்கும். ஒஹியா பாதையில் பஸ் ஏறும்வரை பாட்டு. உலக முடிவுக்குப் போனால் ஒரே பனிமூட்டம். திரும்பி வந்து சாப்பிட்டதும், மிச்சச் சோற்றை லஞ்ச் சீட்டோடு ஒரு மரைக்கு நீட்டினோம். அது சீட்டையும் சேர்த்து மென்றது. நாங்கள் கைதட்டிச் சிரித்தோம்.

சென்ற வருடம் பிள்ளைகளோடு மறுபடி போனோம். நுழைவாயிலில் வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர் பைகளைத் திறந்து, பிஸ்கட் உறையைக் கழற்றி, கடதாசிப் பையில் போட்டுத் தந்தார். பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். நாங்கள் தலை குனிந்தோம். பொலித்தீன் செரிக்காது. இரைப்பையை அடைத்துக்கொண்டு, மரையைப் பட்டினியால் கொல்லும். அன்று சிரித்தபோது அது எங்களுக்குத் தெரியாது.

அந்தச் சமவெளி 1988இல் தேசிய பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஓர் அங்கமாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீரூட்டும் மலை அது. அங்கே வாசலும் காவலும் உண்டு. எல்லவிலும் ஹப்புத்தளையிலும் நடைபாதைகள் பல தேயிலை மலைகளூடாகவே போகின்றன. அங்கே பையைத் திறந்து பார்ப்பவர் யார்?

தோட்டங்களில் இன்றும் பலர் குடிப்பது மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரைத்தான். மேலே ஊற்றருகே ஒதுங்கியவர் யாரென்று, கீழே பீலியில் குடம் வைக்கும் அம்மாவுக்குத் தெரியாது. வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் செங்கமாரியும் அந்த வழியாகவும் லயத்துக்கு வரும் என்பது வைத்தியர்களான எங்களுக்குத் தெரியும்.

அதற்காக மலைக்கு யாரும் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. நீரிழிவுக்கும் பிரஷருக்கும் நடக்கச் சொல்பவர்களே நாங்கள்தான். வருகிறவர்களை நம்பித் தேநீர்க்கடை வைத்தவர்களும், வழிகாட்டிப் பிழைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால், பக்கத்திலேயே இருந்தும் உலக முடிவைப் பார்க்காத தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்!

ஆகவே இந்த நூற்றாண்டு ஆண்டில் ஒன்று செய்வோம். எங்கள் சங்கச் செலவில் அந்தப் பிள்ளைகளை ஒஹியா வழியே அழைத்துப் போவோம். சோறு சாப்பாட்டுப் பெட்டியில் வரட்டும். தண்ணீர் சொந்தப் போத்தலில் வரட்டும். ஏறுவதற்கு முன்பே கழிப்பறைக்குப் போய்விடுவோம். பாதையை விட்டு இறங்கமாட்டோம். மரைக்கு எதையும் நீட்டமாட்டோம். காவல் இல்லாத மலையிலும் இதே ஒழுங்கு.

நாங்கள் செய்த பிழையை அவர்களிடம் மறைக்காமல் சொல்வோம். எங்களுக்கு அன்று யாரும் சொல்லவில்லை.