சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்

நடுவர் அவர்களே! பழமொழிகளைப் போட்டு வறுத்தெடுத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கம் நிறைந்த பெருமக்களே! வீட்டிலே டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு கண்ணை எங்கள் மேலேயும் ஒரு கண்ணை அடுப்பிலே இருக்கிற பாலின் மேலேயும் வைத்திருக்கிற தாய்மார்களே!

"பழமொழிகள் நம் வாழ்க்கைக்கு வழிகாட்டுகின்றனவா? வழிமறிக்கின்றனவா?" இதுதான் இன்றைய தலைப்பு. வழிகாட்டுகின்றன என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ரொம்பக் கோபமாகப் பேசினாங்க. "பாட்டி சொன்னதை வச்சுக்கிட்டுக் கம்ப்யூட்டர் ஓட்ட முடியுமா?"ன்னு கேட்டாங்க. பழமொழியே கூடாதுன்னு பத்து நிமிஷம் முழங்கிட்டு, கடைசியிலே எங்க அணியைப் பார்த்து என்ன சொன்னாங்க? "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை"ன்னு சொன்னாங்க! (சிரிப்பு) நடுவர் அவர்களே, எங்களைக் கழுதைன்னு சொன்னதிலே எனக்கு வருத்தம் இல்லை. பழமொழி வேண்டாம்னு சொல்றதுக்கே அவங்களுக்கு ஒரு பழமொழி தேவைப்பட்டதே, அங்கேயே எங்கள் அணி பாதி ஜெயிச்சாச்சு! (கைதட்டல்)

சரி, அவர்கள் வைத்த வாதத்துக்கு வருகிறேன். பழமொழிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்றார்கள். "பதறாத காரியம் சிதறாது" என்று ஒன்று சொல்கிறது. "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்று இன்னொன்று சொல்கிறது. ஒன்று நில் என்கிறது, ஒன்று ஓடு என்கிறது. நாங்கள் நிற்பதா, ஓடுவதா என்று கேட்டார்கள்.

அம்மா, தூற்றுகிற களத்துமேட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். காற்று அடிக்கும்போது சட்டென்று முறத்தை எடுத்துத் தூற்றுகிறான் விவசாயி. நிஜம்தான். ஆனால் அதற்கு முன்னாலே என்ன நடந்திருக்கிறது? உழுதிருக்கிறான், நாற்று விட்டிருக்கிறான், களை எடுத்திருக்கிறான், அறுத்து, கட்டித் தூக்கி வந்து, அடித்து, மணியைக் குவித்து வைத்திருக்கிறான். இத்தனையும் பதறாமல் செய்த வேலை. குவியல் தயாராக இருக்கிறவனுக்குத்தான் காற்று பிரயோஜனம். வெறுங்களத்தில் நிற்கிறவனுக்குக் காற்று வந்தால் கண்ணிலே தூசிதான் விழும்! (சிரிப்பு) பரீட்சைக்குப் படிக்கிற பையனுக்கும் இதுதான், வேலை தேடுகிற பெண்ணுக்கும் இதுதான். தயாராவதிலே நிதானம், தருணம் வந்தால் வேகம். இரண்டு பழமொழியும் ஒரே வேலையின் இரண்டு பாதி. முரண்பாடு எங்கே இருக்கிறது?

அடுத்து, "ஆடிப்பட்டம் தேடி விதை." இது காலண்டரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு விதைக்கச் சொல்கிறது, காலம் மாறிவிட்டது என்றார் எதிரணி அண்ணன். காலம் மாறித்தான் இருக்கிறது. மேட்டூர் அணையை வழக்கமாகக் குறுவைக்கு ஜூன் 12-ல் திறப்பார்கள். 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூன் 12-க்குத் திறக்கத் தண்ணீர் இல்லை, ஜூலைக் கடைசி ஆகிவிட்டது. ஆனால் அண்ணன் ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். "ஆடிப்பட்டம் விதை" என்று சொல்லவில்லை, "தேடி விதை" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஈரம் இருக்கிறதா என்று தேடு. இந்த ஈரத்துக்கு எந்த விதை என்று தேடு. ஐப்பசி மழை வரும்போது பயிர் தாங்கி நிற்குமா என்று கணக்குப் போடு. அந்தத் "தேடி" என்கிற ஒரு சொல்லுக்குள்ளே ஒரு விவசாயக் கல்லூரியே இருக்கிறது! (கைதட்டல்)

இன்னொன்று சொன்னார்கள். "உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது." பாருங்கள், கணக்கே பார்க்காதே என்று விவசாயியை ஏமாளி ஆக்குகிறது பழமொழி என்றார்கள். நடுவர் அவர்களே, பழமொழி எல்லாம் கட்டளை இல்லை. சிலது கண்ணீர். உழக்கு என்றால் படியிலே கால் பங்கு. ஊருக்கே மூட்டை மூட்டையாய் அளந்து போடுகிறவன் வீட்டிலே கால் படிகூட நிற்கவில்லையே என்கிற முறையீடு அது. 2004-ல் மத்திய அரசு விவசாயிகளுக்காக ஒரு தேசியக் கமிஷன் போட்டது. தலைவர் நம்ம கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன். 2006-ல் அந்தக் கமிஷன் என்ன பரிந்துரை செய்தது? சாகுபடிச் செலவுக்கு மேலே குறைந்தபட்சம் 50 சதவீதம் சேர்த்து விலை கொடுங்கள் என்றது. நம்ம தாத்தா ஒரு வரியிலே அழுததைத்தான் அந்தக் கமிஷன் அறிக்கையாக எழுதியது. வழிகாட்டுவது என்றால் பாதையைக் காட்டுவது மட்டுமா? பாதையிலே இருக்கிற பள்ளத்தைக் காட்டுவதும்தான்!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். "அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பு எதற்கு" என்றும் ஒரு பழமொழி இருக்கிறது. சகோதரி அதைச் சொன்னபோது இந்த அரங்கிலே பல அம்மாக்கள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அதைக் காப்பாற்ற நான் வரவில்லை. நெல்லிலே பதர் உண்டு. பதர் இருக்கிறது என்பதற்காகக் களத்தையே கொளுத்துவதா? தூற்றிவிட்டுப் போவோம்.

இனி என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லத்தான் நடுவரிடம் கூட இரண்டு நிமிஷம் கேட்டேன்.

என் அப்பா குமாஸ்தா. 1995-ல் ரிட்டையர் ஆனார். கையிலே 2 லட்ச ரூபாய் வந்தது. ஊரிலே ஒரு பைனான்ஸ் கம்பெனி, பேர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, உள்ளே போனால் கூல்டிரிங்க்ஸ், நூற்றுக்கு 24 வட்டி! 2 லட்சம் போட்டால் மாசம் பிறந்தால் 4,000 ரூபாய் வீடு தேடி வரும்.

அம்மா அஞ்சாங்கிளாஸ் படிச்சவங்க. அவங்க சொன்னாங்க: "ஏங்க, ஆழம் தெரியாம காலை விடாதீங்க. சட்டியிலே இருந்தாத்தானே அகப்பையிலே வரும்? அவன் சட்டியிலே என்ன இருக்குன்னு கேட்டீங்களா?" அப்பாவுக்குக் கோபம் வந்துடுச்சு. "நீ உன் பழமொழியை அடுப்பங்கரையிலே வச்சுக்கோ. இது பிசினஸ்!"ன்னார்.

நடுவர் அவர்களே, அம்மா கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று எனக்குப் பின்னாலேதான் புரிந்தது. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் எத்தனை வருஷத்தில் பணம் இரட்டிக்கும் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். 24 வட்டி என்றால் மூன்றே வருஷம். வாடகை கொடுத்து, சம்பளம் கொடுத்து, விளம்பரம் கொடுத்து, அதற்கு மேலே மூன்று வருஷத்தில் இரட்டிப்பும் கொடுக்க எந்த நியாயமான தொழிலில் லாபம் வரும்? புதிதாய்ப் பணம் போடுகிறவன் காசை எடுத்துப் பழையவனுக்கு வட்டி கொடுத்திருக்கிறான். சட்டி காலி. அடுத்த வீட்டுச் சட்டியிலிருந்துதான் அகப்பையிலே வந்தது.

14 மாசம் வட்டி வந்தது. 15-ஆம் மாசம் வரவில்லை. அப்பா போய்ப் பார்த்தார். கண்ணாடிக் கதவிலே பெரிய பூட்டு. வாசலிலே இவரை மாதிரியே வேட்டி கட்டின பெரியவர்கள் நூறு பேர். ஒருத்தரும் சத்தம் போடவில்லையாம். சும்மா நின்றுகொண்டிருந்தார்களாம். அன்றைக்கு ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. இப்படி ஏமாந்தவர்களுக்காகத் தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-ல் வந்தது, தனி நீதிமன்றம் வந்தது. எல்லாம் சரி. என் அக்காவுக்கு 1998 தை மாசம் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்ததே!

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள். அது குதிரை இல்லை, மண் குதிர், அதாவது ஆற்று நடுவிலே இருக்கிற மணல் மேடு என்று விளக்கம் சொல்கிறவர்களும் உண்டு. குதிரையோ குதிரோ, ஆராய்ச்சி அப்புறம். இரண்டும் தண்ணியிலே கரையும், நம்பி இறங்கினவன் முழுகுவான். நாங்கள் முழுகினோம்.

அப்போதுதான் அம்மா அரிசிப் பானைக்குப் பின்னாலேயிருந்து ஒரு துணிப் பையை எடுத்தாங்க. உள்ளே தபால் ஆபீஸ் பாஸ்புக்குகள். 1980-லே மாசம் 50 ரூபாயில் ஆரம்பிச்ச ஐந்து வருஷ ஆர்.டி. அப்புறம் 100, அப்புறம் 200, 300. முதிர்ந்த பணத்தை மறுபடி தபால் ஆபீஸிலேயே போட்டிருக்காங்க. தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் திரும்ப எடுத்து வைக்கிற பழக்கம் அவங்களுக்கு. அந்தப் பிடியரிசியிலே மிச்சம், காய்கறியிலே மிச்சம், தைக்கக் கொடுக்காம தானே தைச்சதிலே மிச்சம். கூடவே ஒரு நோட்டு. உப்பு, புளி, தீப்பெட்டி வரைக்கும் கணக்கு. "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடணும்"னு சொல்லிச் சொல்லியே எழுதின நோட்டு. 18 வருஷச் சேமிப்பு, மொத்தம் 68,000 ரூபாய்!

சிறு துளி பெரு வெள்ளம்னு மேடையிலே சொல்றோமே, அந்த வெள்ளத்தை நான் அன்னைக்குத்தான் கண்ணாலே பார்த்தேன். (கைதட்டல்)

அப்பா அந்தப் பாஸ்புக்கைக் கையிலே வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்றேன், இல்லையா?" அம்மா சிரிச்சாங்க. "கண்ணு எங்கே கெட்டுச்சு? பணம்தானே கெட்டுச்சு. வாங்க, பத்திரிகைக்குப் பேர் எழுதணும்"னாங்க. அக்கா கல்யாணம் அதே தையிலே நடந்தது. பந்தியிலே வடை ஒன்றுதான். ஆனா கடன் இல்லை.

எதிரணி நண்பர்களே, இதெல்லாம் பழைய கதை என்று சொல்லிவிடாதீர்கள். இன்றைக்குக் கண்ணாடிக் கதவு கிடையாது, நம்ம கைபேசியே கதவு. "உங்கள் கணக்கு முடக்கப்படும், ஓடிபி எண்ணைச் சொல்லுங்கள்" என்கிறான். "பத்தாயிரம் போட்டால் பத்து நாளில் இரட்டிப்பு" என்கிறான். நன்றாகப் படித்த பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள், போட்டுவிடுகிறார்கள். ஏமாந்தால் உடனே 1930 என்கிற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள் என்று அரசாங்கம் சொல்கிறது. நல்ல விஷயம், கட்டாயம் பண்ணுங்கள். ஆனால் ஏமாறுவதற்கு முன்னாலே கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறதே, அதற்குச் செலவே இல்லை. "தம்பி, உன் சட்டியிலே என்ன இருக்கு?" தொழில்நுட்பம் மாறும், ஏமாற்றுகிறவன் சட்டை மாறும், காலிச் சட்டி மட்டும் மாறாது!

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். பழமொழி என்பது சும்மா பேச்சு இல்லை. நமக்கு முன்னாலே யாரோ ஒருத்தர் விழுந்து, அடிபட்டு, எழுந்து, பின்னாலே வருகிறவனாவது விழாமல் இருக்கட்டும் என்று வழியிலே வைத்துவிட்டுப் போன விளக்கு. அந்த விளக்கைப் பார்த்து வழிமறிக்கிறது என்கிறார்கள் எதிரணியினர். அன்றைக்கு வாசலிலே நின்று வழிமறித்த அம்மாவின் பழமொழியை எங்கப்பா கேட்டிருந்தால், 2 லட்சம் பிழைத்திருக்கும். கேட்காவிட்டாலும் அதே அம்மாவின் இன்னொரு பழமொழிதான் எங்கள் குடும்பத்தைக் கரை சேர்த்தது.

வீட்டிலே பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளே, இந்த நிகழ்ச்சி முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு, உங்கள் பாட்டியிடம் ஒரே ஒரு பழமொழி கேளுங்கள். அதோடு விடாதீர்கள், அதை எந்தச் சமயத்திலே கற்றுக்கொண்டாங்க என்றும் கேளுங்கள். பழமொழி ஒரு வரிதான் இருக்கும். அதற்குப் பின்னாலே இருக்கிற கதையைக் கேட்க ஒரு ராத்திரி போதாது.

எனவே நடுவர் அவர்களே, பழமொழிகள் வழிகாட்டுகின்றன என்றே நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)