நோயாளிக்குப் பக்கத்தில் நிற்பவள்



அன்பு மனசு சம்பந்தப்பட்டது, புண் உடம்பு சம்பந்தப்பட்டது என்று நாம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறோம். அப்படிப் பிரிக்க முடியாது என்று காட்டினார்கள், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு கணவனும் மனைவியும். ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் உளவியலாளர். ரொனால்டு கிளேசர் நோய் எதிர்ப்பாற்றலை ஆராய்ந்தவர். 1995இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அவர்கள் குழுவின் ஆய்வு வந்தது. மறதி நோய் கண்ட உறவினரைப் பராமரிக்கும் பெண்கள் 13 பேர்; அந்தப் பாரம் இல்லாத, அதே வயதையொத்த பெண்கள் 13 பேர். சம்மதம் பெற்று, எல்லோர் கையிலும் 3.5 மில்லிமீட்டரில் ஒரு சின்னக் காயம் உண்டாக்கினார்கள். பராமரிப்பில் இருந்த பெண்களுக்கு அது ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாயிற்று. ஒரே அளவுக் காயம்தான் ஐயா!

ஏன் இந்தத் தாமதம்? ஓயாத கவலையில் சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரந்தபடியே இருக்கிறது. காயத்தை ஆற்றும் உயிரணுக்களை அழைக்கிற வேதிப்பொருள்களை அந்தக் கார்ட்டிசால் அடக்கிவிடுகிறது.

2005இல் வெளியான இன்னொரு ஆய்வில், 42 தம்பதிகளிடம் காயம் ஆறுவதை இதே குழு சோதித்தது. சண்டை வரும் விஷயத்தைப் பேசிய பிறகு காயம் மெதுவாக ஆறியது. ஆதரவாகப் பேசிய பிறகு சீக்கிரம் ஆறியது. சொல் தோல்வரை போகிறது!

ஆனாலும் உறவினரைப் பராமரித்த அந்த 13 பெண்கள்தான் என் மனத்தைவிட்டு அகலவில்லை. அவர்கள் அன்பில்லாதவர்களா? அள்ளி அள்ளிக் கொடுத்தவர்கள். நம் தெருவிலும் இருக்கிறார்கள். படுத்த படுக்கையான மாமியாரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டி, ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கும் மருமகள். ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாகப் போகிற நாம் நோயாளியை விசாரிக்கிறோம். பக்கத்தில் நிற்பவளை, “நீ சாப்பிட்டியாம்மா? தூங்கினியா?” என்று கேட்கிறோமா? “பொறுமைசாலி” என்று பாராட்டிவிட்டுச் செருப்பை மாட்டுகிறோம். அந்தப் பாராட்டால் அவள் உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை; இன்னும் சுமக்கச் சொல்லும் உத்தரவு அது.

இந்த வாரம் அப்படி ஒரு வீட்டுக்குப் போங்கள். பழம் வாங்காவிட்டாலும் பரவாயில்லை. “ரெண்டு மணி நேரம் நாங்க பாத்துக்கறோம், நீ போய்ப் படும்மா” என்று சொல்லுங்கள். சொந்த வீட்டிலேயே அப்படி ஒருத்தி இருந்தால் முதலில் அங்கே சொல்லுங்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் ஆண்களைத்தான் குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.